பொங்கலூர் ஷெட்டில் 42 மூட்டை: ஒரு கறிக்கோழியின் ஆற்றல் கணக்கு

பல்லடத்திலிருந்து காங்கயம் போகும் ரோட்டில் பொங்கலூர்ப் பக்கம் இருக்கிறது அந்தத் தோட்டம். 5,000 கறிக்கோழி கொள்ளும் ஒரே ஷெட். கிழக்கு மேற்காக நீளம், இரண்டு பக்கமும் கம்பிவலை, மேலே சிமெண்ட் ஷீட், தரையில் தேங்காய் நார்த்தூள். பண்ணைக்காரர் எனக்கு மாமா முறை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், உழைப்பு மாமாவுடையது. கோழியைப் பிடித்து எடை போட்ட பிறகு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி வரும். 1990களிலிருந்து உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றிய ஒப்பந்த முறை இதுதான்.

இந்த முறையில் பண்ணைக்காரரின் தலையெழுத்தை எழுதுவது எஃப்.சி.ஆர். என்ற ஒரே எண். மொத்தம் எத்தனை கிலோ தீவனம் வந்தது, எத்தனை கிலோ கோழி போனது; முன்னதைப் பின்னதால் வகுத்தால் எஃப்.சி.ஆர். அது குறையக் குறையக் கூலியோடு ஊக்கத்தொகை சேரும். ஏறினால் பிடித்தம்.

மாமாவின் ஷெட்டில் மார்கழியில் வளர்ந்த பேட்ச் 35 நாளில் சராசரி 2.1 கிலோ எடை வந்தது. எஃப்.சி.ஆர். 1.55. சித்திரையில் குஞ்சு இறக்கி வைகாசியில் பிடித்த பேட்ச் அதே 2.1 கிலோ வருவதற்கு 41 நாள் எடுத்தது. எஃப்.சி.ஆர். 1.76. கோழி ஒன்றுக்குத் தீவனம் மார்கழியில் 3.26 கிலோ, சித்திரையில் 3.70 கிலோ. 440 கிராம் கூடுதல். விற்ற கோழி தோராயமாக 4,800 என்று வைத்தால் 2,100 கிலோ ஆகிறது. 50 கிலோ மூட்டையில் 42 மூட்டை.

கணக்கு முடிக்க வந்த சூப்பர்வைசர் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். "ஏனுங்ண்ணா, குஞ்சும் அதே குஞ்சு, தீவனமும் அதே மில்லுத் தீவனம். 42 மூட்டை எங்கீங்க போச்சு? மேல கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"வெயிலுங்க தம்பி. கோழி சரியாத் திங்கவே இல்லீங்க."

"திங்கலைன்னா தீவனம் மிஞ்சோணுமல்லங்க?"

மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. தீவனத்தை வெளியே விற்றுவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பேட்ச் கணக்கு எழுதும் கார்டில் 'தீவன இருப்பு சந்தேகம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். முப்பது வருடமாகக் கோழி வளர்ப்பவர். அந்த மூன்று சொல் அவரை ரொம்பவே பாதித்துவிட்டது.

சூப்பர்வைசரின் கேள்வி நியாயமானது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கோழி குறைவாகத் தின்றது. ஆனாலும் அதிகத் தீவனம் செலவானது. இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியுமா? உயிரினங்கள் வளர்வதையும் ஆற்றலைச் செலவழிப்பதையும் கணக்காக எழுதிப் பார்ப்பவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக உழன்ற கேள்வி இது. அவர்கள் கண்டதை வைத்து இந்த ஷெட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்.

தின்றது எங்கெல்லாம் போகிறது

கோழி தின்ற தீவனத்தின் ஆற்றலில் ஒரு பங்கு எச்சத்தோடு போய்விடும். மீதியைத்தான் தீவன மில்காரர்கள் வளர்சிதை ஆற்றல் என்று கணக்கு வைக்கிறார்கள். கடைசி வாரங்களில் போடும் பினிஷர் தீவனத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,150 கிலோகலோரி. இது இரண்டு வழியாகப் பிரியும். முதலாவது பராமரிப்பு: இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டை 41 டிகிரியில் வைத்திருக்க, தேய்ந்த புரதத்தைப் புதுப்பிக்க. இரண்டாவது வளர்ச்சி: புதிதாகச் சதையும் கொழுப்பும் எலும்பும் இறகும் கட்ட. பராமரிப்புக்கு எடுத்தது போக மிஞ்சினால்தான் வளர்ச்சி.

பராமரிப்பு எவ்வளவு? எடை இரண்டு மடங்கானால் பராமரிப்பும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகாது. 1883இல் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர் சிறிதும் பெரிதுமான நாய்களின் வெப்ப வெளியீட்டை அளந்து, அது எடையோடு அல்ல, உடம்பின் மேற்பரப்போடு ஏறுகிறது என்றார். அப்படியானால் எடையின் மூன்றில் இரண்டு அடுக்கு. 1932இல் மாக்ஸ் கிளைபர், எலி முதல் மாடு வரையிலான அளவீடுகளைச் சேர்த்துப் போட்டபோது அடுக்கு முக்காலுக்குப் பக்கத்தில் வந்தது; அதாவது எடை இரண்டு மடங்கானால் பராமரிப்பு ஏறக்குறைய 1.7 மடங்குதான் ஆகும். ஏன் முக்கால் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. 1997இல் வெஸ்ட், பிரவுன், என்குவிஸ்ட் மூவரும் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் வடிவத்திலிருந்து அதை வருவித்துக் காட்டினார்கள். அதை ஏற்காதவர்களும் நிறையப் பேர். நமக்கு வேண்டியது கோழிக்குப் பொருந்தும் ஓர் எண். முக்கால் அடுக்கை வைத்து, கறிக்கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிலோகலோரி என்ற பெருக்கெண்ணை எடுத்துக்கொண்டேன். அதன்படி 2.1 கிலோ கோழி சும்மா உயிரோடு இருக்க மட்டும் தினமும் 190 கிலோகலோரிக்குச் சற்று மேலே வேண்டும். தீவனமாகச் சொன்னால் 60 கிராம்.

அப்புறம் வளர்ச்சியின் விலை. ஒரு கிராம் புரதத்துக்குள் இருக்கும் ஆற்றல் 5.7 கிலோகலோரி, கொழுப்புக்குள் 9.4. புரதம் கட்டுவது செலவு பிடித்த வேலை, போடும் ஆற்றலில் பாதிதான் உள்ளே தங்கும். கொழுப்பு சேர்ப்பது சிக்கனமான வேலை, ஐந்தில் நான்கு பங்கு தங்கும். இப்படிப் பார்க்கும்போது ஒரு கிராம் புரதம் சேர்க்கவும் ஒரு கிராம் கொழுப்பு சேர்க்கவும் ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: 11 முதல் 12 கிலோகலோரி. ஆனால் தராசில் கதை வேறு. ஒரு கிராம் புரதம் மூன்று நான்கு கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொண்டு சதையாக நிற்கும். கொழுப்பு தண்ணீரை அண்டவிடாது. அதனால் ஒரு கிராம் சதை ஏற ஆகும் செலவைப்போல ஒரு கிராம் கொழுப்புத் திசு ஏற நான்கு மடங்கு ஆகிறது. கோழி வயதாக ஆக எஃப்.சி.ஆர். கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஐந்தாவது வாரம் ஏறும் எடையில் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 14 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிராம் எடை ஏற ஏறக்குறைய 3.7 கிலோகலோரி. குஞ்சில் கொழுப்பு குறைவு, அதனால் முதல் மூன்று வாரத்துக்கு 3.1 என்று வைத்தேன். நாலாவது வாரத்துக்கு 3.6, 35 நாளுக்கு மேல் 3.8.

முதலில் மார்கழி

எந்தச் சூத்திரத்தையும் பிரச்சினை உள்ள இடத்தில் நேராகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. பிரச்சினை இல்லாத பேட்ச் எதுவென்று பார்த்து, அது அங்கே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மார்கழி பேட்ச்சின் வார எடைகள் கார்டில் இருந்தன: 7ஆம் நாள் 165 கிராம், 14இல் 430, 21இல் 875, 28இல் 1,450, 35இல் 2,100.

முதல் மூன்று வாரத்துக்குச் சூத்திரம் சொன்ன தீவனம் 1,180 கிராம். நாலாவது வாரம் 930. ஐந்தாவது வாரம் 1,140. மொத்தம் 3.25 கிலோ. கார்டில் 3.26. இவ்வளவு நெருக்கமாக வந்ததில் மகிழ்ந்துபோக ஒன்றுமில்லை. 110 என்ற எண்ணையும் சதவீதங்களையும் நியாயமான எல்லைக்குள் நின்று இந்தப் பேட்ச்சுக்கு ஒத்துவரும்படிதான் தேர்ந்தெடுத்தேன். முக்கியமானது அடுத்த படி: இதே எண்களை ஒன்றும் மாற்றாமல் சித்திரைக்குக் கொண்டுபோவது.

இங்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. மார்கழி எடைகளைக் கோம்பெர்ட்ஸ் வளைகோட்டில் பொருத்திப் பார்த்தேன். 1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் மனிதர்கள் வயதுக்கேற்ப இறக்கும் வேகத்துக்காக எழுதிய சூத்திரம் அது. 1932இல் சார்ல்ஸ் வின்சர் அதை வளர்ச்சிக்கோடாகப் பயன்படுத்திக் காட்டிய பிறகு கோழி ஆய்வுகளில் குடியேறிவிட்டது. அதில் தினசரி எடையேற்றம் உச்சத்தைத் தொடும் இடம், முதிர்ந்த எடையில் 37 சதவீதம். முதிர்ந்த எடை 5.5 கிலோ என்று வைத்தால் உச்சம் 2 கிலோவில், 34ஆம் நாள், ஒரு நாளைக்கு 93 கிராம். பல்லடத்தில் கோழி பிடிக்கும் எடையும் அதுதான்! இந்த ஊர்க்காரர்கள் சூத்திரம் படித்து அந்த எடைக்கு வரவில்லை. சந்தையும் தீவனச் செலவும் சேர்ந்து அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

ஆனால் அந்த 5.5 கிலோவை யாரும் நம்பிவிட வேண்டாம். நம் கையில் இருப்பது கோட்டின் ஏறுமுகப் பாதி மட்டும். 35 நாள் எடைகளுக்கு 5 கிலோவும் பொருந்தும், 6.5 கிலோவும் பொருந்தும். மற்றோர் எண் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும். உச்சம் எங்கே என்று தீர்மானமாகச் சொல்ல வேண்டுமானால் சில கோழிகளை மூன்று நான்கு மாதமாவது வளர்த்து எடை போட வேண்டும். வளைகோடு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக அதன் எண்களுக்கு உயிரியல் அர்த்தம் கொடுத்துவிடும் தவறு ஆய்வுக் கட்டுரைகளிலேயே நடக்கிறது. ஆற்றல் கணக்கை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் ஒவ்வொரு எண்ணையும் தனியாக அளந்து சரிபார்க்க வழி இருக்கிறது.

சித்திரையைப் பின்னோக்கி ஓட்டுதல்

மாமா தினசரி தீவனப் பதிவு வைத்திருந்தார். நாலாவது வாரத்திலிருந்து கோழி ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தின்றது என்று அதில் தெரிந்தது. ஆனால் சந்தேகமே அந்தப் பதிவின்மேல்தானே? அதை வைத்துக் கணக்குப் போட்டால் எழுதியவரையே சாட்சிக்கு அழைத்த மாதிரி ஆகும். எனவே அந்த நோட்டை மூடி வைத்துவிட்டோம். எடைகளை மட்டும் எடுத்தோம். அவை சூப்பர்வைசர் தானே வந்து போட்ட எடைகள். அவற்றில் யாருக்கும் சண்டை இல்லை.

21ஆம் நாள் வரை சித்திரைக் குஞ்சும் மார்கழிக் குஞ்சும் ஒரே எடை. குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் சூடு வேண்டும். மார்கழியில் புரூடர் போட்டுக் கொடுத்ததை சித்திரை தானாகக் கொடுத்தது. பிரிவு அதற்கப்புறம். 28ஆம் நாள் 1,280 கிராம், 35ஆம் நாள் 1,740, 41ஆம் நாள் 2,100.

எடை தெரிந்தால் பராமரிப்பு தெரியும். எடையேற்றம் தெரிந்தால் வளர்ச்சிச் செலவு தெரியும். இரண்டையும் கூட்டினால் கோழி எவ்வளவு தின்றிருக்க வேண்டும் என்பது வந்துவிடும். ஒன்றை மட்டும் சேர்த்தேன்: கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், அந்த இரைப்புக்கே ஆற்றல் வேண்டும். அதற்காக 21ஆம் நாளுக்குப் பிறகு பராமரிப்பைப் பத்து சதவீதம் கூட்டினேன்.

நாலாவது வாரம் கோழிக்கு 750 கிராம் தீவனம் என்று வந்தது. ஐந்தாவது வாரம் 910. கடைசி ஆறு நாள் 810. முதல் மூன்று வாரத்தின் 1,180ஐயும் சேர்த்து 3.64 கிலோ. மார்கழியைவிட 390 கிராம் சொச்சம் கூடுதல். 4,800 கோழிக்கு 38 மூட்டை.

மாமாவின் நோட்டைத் திறந்தோம். நாலாவது, ஐந்தாவது வாரங்களில் மார்கழியைவிட 20 சதவீதம் குறைவு என்று கணக்கு சொன்னது. நோட்டும் அதையே சொன்னது. மாமா வாயைத் திறக்கவில்லை. அத்தைதான், "மாப்ள, இத அந்தப் பையனுக்குத் தெளிவா எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

இனி சூப்பர்வைசரின் கேள்விக்கு வரலாம். குறைவாகத் தின்றால் மிஞ்ச வேண்டாமா?

நாலாவது வாரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் பதில் தெரியும். மார்கழியில் தின்ற 930 கிராமில் பராமரிப்புக்கு 270 கிராம் போனது. மீதி 660 கிராம் 575 கிராம் எடையாக ஆனது. சித்திரையில் 750 கிராம் தின்றது. பராமரிப்பு குறையவில்லை, கோழி கொஞ்சம் சிறியதாக இருந்ததால் குறைய வேண்டியதை இரைப்பு ஈடுகட்டி 280 கிராம் ஆக்கிவிட்டது. மிஞ்சியது 470 கிராம்கூட இல்லை, எடையேற்றம் 405 கிராம். தீவனம் குறைந்தது 20 சதவீதம், வளர்ச்சி குறைந்தது 30 சதவீதம். வெட்டு முழுவதும் வளர்ச்சியின்மேல் விழுகிறது, ஏனென்றால் பராமரிப்பு முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் தீவனம் மிஞ்சத்தான் செய்தது. ஆனால் 2.1 கிலோ வரும்வரை பிடிக்கமாட்டோம் என்று ஆறு நாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். மிஞ்சியதையும் அதற்கு மேலும் அந்த ஆறு நாள் தின்றுவிட்டது.

42 மூட்டையைப் பிரித்தால் இப்படி வருகிறது. நாள் நீண்டதால் கூடிய பராமரிப்பு 27 மூட்டை. இரைப்புக்கு 9 மூட்டை. கடைசி நாட்களில் ஏறிய எடை கொழுப்புக் கூடியதாக இருந்ததால் 2 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மீதி 4 மூட்டை சொச்சம். அதற்கும் கார்டிலேயே விடை இருந்தது: 30ஆம் நாள் மதியம் கரண்ட் போய், காற்றும் நின்று, ஒரே நாளில் ஏறக்குறைய 100 கோழி செத்தது. செத்த ஒவ்வொன்றும் அதுவரை 2.2 கிலோ தீவனம் தின்றிருக்கும். அந்தத் தீவனம் கணக்கில் ஏறும், அந்த எடை விற்பனையில் ஏறாது. 4 மூட்டை சொச்சம்.

எண்கள் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்து யாரும் சந்தேகப்படலாம், படத்தான் வேண்டும். இரைப்புக்குப் பத்துக்குப் பதில் ஐந்து சதவீதம் வைத்தால் 4 மூட்டைக்கு மேல் குறையும். பதினைந்து வைத்தால் அதே அளவு கூடும். 110ஐ 100 ஆக்கினாலும் 120 ஆக்கினாலும் நாள் நீட்சியின் பங்கு ஏறக்குறைய 25இலிருந்து 30 மூட்டைக்குள் ஆடும். ஆக இந்தக் கணக்கால் நாலைந்து மூட்டை வித்தியாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. 42 மூட்டை காணாமல் போனதா என்ற கேள்விக்கு மட்டும் உறுதியாக இல்லை என்று சொல்ல முடியும்.

சூடு எங்கிருந்து வருகிறது

வெயிலில் கோழி ஏன் தின்ன மறுக்கிறது? இதே கணக்கு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. 2.1 கிலோ கோழி மார்கழியில் நாளொன்றுக்கு 535 கிலோகலோரி உள்ளே எடுக்கிறது. உடம்பில் தங்குவது 215. மீதி 320 கிலோகலோரி முழுவதும் சூடாக வெளியே வருகிறது. வாட் கணக்கில் ஒரு கோழிக்கு 15 வாட். 5,000 கோழிக்கு 75 கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் போர் மோட்டார் இருபதை ஷெட்டுக்குள் வைத்து இரவும் பகலும் ஓட்டினால் எவ்வளவு மின்சாரம் சூடாகுமோ அவ்வளவு.

மார்கழியில் இந்தச் சூடு காற்றோடு போய்விடும். வெளியே 38, 39 டிகிரி இருக்கும்போது 41 டிகிரி உடம்பிலிருந்து காற்றுக்குப் பெரிதாக ஒன்றும் போகாது. மூச்சில் ஆவியாகும் தண்ணீர்தான் வழி; ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 0.58 கிலோகலோரி சூடு போகும். மொத்தச் சூட்டையும் அப்படியே போக்க ஒரு கோழி நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஆவியாக்க வேண்டும். முடியாத காரியம். உள்ளே உருவாகும் சூட்டைக் குறைப்பது ஒன்றே வழி, அதற்குத் தின்பதைக் குறைக்க வேண்டும். தீவனத்தை வெறுத்து ஒதுங்கும் கோழி உயிர் பிழைக்க வழி தேடுகிறது. அந்த நேரத்தில் தட்டி எழுப்பித் தீவனம் தின்னவைப்பது சாகக் கொடுப்பது போலத்தான்.

இதே கொங்கு நாட்டில், கோபியிலும் உடுமலையிலும் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் அனுபவம் நேர்மாறாக இருக்கும். புழுவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. மனையில் வெப்பம் ஏறினால், ஓர் எல்லை வரை, அது தின்னும் வேகம், செரிக்கும் வேகம், தோலுரிக்கும் வேகம் எல்லாம் சேர்ந்து ஏறும், நாள் குறையும். கோழி தன் சூட்டைத் தானே காக்கும் பிராணி என்பதால் வெப்பம் ஏறினால் நாள் நீளும்.

இந்தக் கணக்குக்கு எட்டாதது

நான் போட்டது எளிய வரவு செலவு. இன்று தின்றது, இன்றைய பராமரிப்பு போக, இன்றே வளர்ச்சி. வாரக் கணக்குக்கு இது போதும். நாள் கணக்குக்குப் போதாது. 30ஆம் நாள் மதியம் முழுக்க இரைத்துக்கொண்டிருந்த கோழி பாதித் தீவனம்கூடத் தின்னவில்லை. என் கணக்குப்படி அன்றைய வளர்ச்சி அநேகமாக நின்றுபோயிருக்க வேண்டும், மறுநாள் துள்ளி எழ வேண்டும். உயிருள்ள உடம்பு அப்படித் திடீர் திடீரென்று நின்று கிளம்புவதில்லை. ஈரலில், கொழுப்பில் இருக்கும் இருப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும்.

இந்த இருப்பைக் கணக்கின் நடுவில் வைத்தவர் நெதர்லாந்தின் பாஸ் கோய்மான். 1979இல், நஞ்சு கலந்த தண்ணீரில் தண்ணீர்ப்பூச்சிகள் வளர்வதும் முட்டையிடுவதும் எப்படிக் குறைகிறது என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து தொடங்கி, இயங்கு ஆற்றல் வரவு செலவுக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தார். அதில் உணவு நேராக வளர்ச்சிக்குப் போவதில்லை. முதலில் இருப்பில் சேரும். இருப்பிலிருந்து எடுக்கப்படுவதில் ஒரு நிலையான பங்கு உடம்பைப் பராமரிக்கவும் வளர்க்கவும். மீதிப் பங்கு முதிர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும். உணவு மாறாமல் கிடைத்தால், லுட்விக் ஃபான் பெர்டலன்ஃபி 1938இல் எழுதிய வளர்ச்சிக்கோடு இதிலிருந்து தானாக விழுகிறது: வரவு மேற்பரப்போடு ஏறும், செலவு கனஅளவோடு ஏறும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளர்ச்சி நிற்கும். ஒரே வாய்ப்பாட்டை, எண்களை மட்டும் மாற்றி, மீனுக்கும் நண்டுக்கும் பறவைக்கும் பொருத்த முடிகிறது. ஆயிரக்கணக்கான இனங்களுக்கு அந்த எண்களைத் திரட்டிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

இனப்பெருக்கப் பங்கு கறிக்கோழியில் கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் பிடித்துவிடுகிறோம். நாமக்கல் போய் முட்டைக்கோழியைப் பார்த்தால் தெரியும். ஒன்றரைக் கிலோ கோழி, வளர்ச்சி நின்றுவிட்டது, தினமும் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் பராமரிப்பு. மீதி ஒரு முட்டை.

மாமாவின் கார்டுக்கு அந்த முழுக் கோட்பாட்டையும் பொருத்த நான் முயலவில்லை. ஐந்தாறு எடைகளை வைத்துக்கொண்டு இருப்பின் அளவு, எடுக்கும் வேகம், பங்கு விகிதம் எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன் என்றால் அது நேர்மையாக இருக்காது.

பிறகு நடந்தது

எழுதிக் கொடுத்ததைச் சூப்பர்வைசர் பையன் மாமாவின் திண்ணையில் உட்கார்ந்து முழுதும் படித்தான். கடைசி ஆறு நாள் பத்தியில் நிறுத்தி, "ஒரு கிலோ ஏற ரெண்டேகால் கிலோ தீவனமுங்களா?" என்றான். ஆமாம், 810 கிராம் தின்று 360 கிராம் ஏறியிருக்கிறது. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் அந்தக் கடைசிக் கிலோ எடையின் தீவனச் செலவு மட்டும் 90 ரூபாய். பண்ணை விலை அதற்கு மேல் நிற்கும் வாரத்தில் வைத்திருப்பதும் லாபந்தான். விலை இறங்கிய வாரத்தில் 35ஆம் நாளே 1.74 கிலோவில் பிடிப்பது மேல். முடிவு எடுப்பது கம்பெனி; காத்திருப்பதன் எஃப்.சி.ஆர். மட்டும் பண்ணைக்காரர் தலையில் விழுகிறது. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெயில் மாத பேட்ச்சை மார்கழி அளவுகோலால் அளக்காமல், அதே மாதம் சுற்று வட்டாரத்து ஷெட்களோடு ஒப்பிட்டுக் கூலி போடுவதுதான் முறை.

பிடித்தம் செய்த கூலி திரும்பி வரவில்லை. கார்டிலிருந்த 'தீவன இருப்பு சந்தேகம்' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஷெட்டில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். வெயில் மாதத்தில் காலை பத்து மணிக்குத் தீவனத் தட்டுகளைத் தூக்கிவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல்தான் இறக்குவது. தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் செரிமானச் சூடு உச்சத்துக்கு வரும், அது மதிய வெயிலோடு சேரக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு விளக்குப் போட்டு, குளிர்ந்த நேரத்தில் தின்னவிடுவது. ஷீட்டின்மேல் தென்னங்கீற்றும் தெளிப்பானும். பங்குனி, சித்திரையில் 5,000க்குப் பதில் 4,200 குஞ்சு. இதற்குப் பிறகு வந்த பேட்ச் ஆடிக்காற்றில் வளர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷெட்டுக்குள் அடிக்கும்போது எல்லாக் கோழியும் நன்றாகத்தான் வளரும். அதன் எஃப்.சி.ஆரை வைத்து எங்கள் மாற்றங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அடுத்த சித்திரை வர வேண்டும்.

அதற்குள் அளக்க வேண்டியவற்றையும் முடிவு செய்தாயிற்று. ஷெட்டின் நடுவில், கோழி நிற்கும் உயரத்தில், ஒரு அதிகபட்ச குறைந்தபட்ச வெப்பமானி. தண்ணீர் டேங்கில் ஒரு மீட்டர்; வெயிலில் தீவனம் குறையும்போது தண்ணீர் ஏறும், அந்த இரண்டின் விகிதம் நோய்க்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல உதவும். 21ஆம் நாளுக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, ஷெட்டின் இரண்டு கோடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சேர்த்து நூறு கோழி எடை. பிடிக்கும் நாளில் பத்துக் கோழியை ஊர்க் கறிக்கடையில் உரிக்கும்போது வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாக நிறுத்து எழுதுவது. என் கணக்கில் நான் ஊகித்து வைத்த எண்களில் 14 சதவீதக் கொழுப்புதான் பலவீனமானது, அதை முதலில் சரிபார்க்க வேண்டும். கறிக்கடைக்காரரிடம் மாமா பேசிவிட்டார்.